தம்மைப் போன்றவருக்கே வாக்கா?

ஸ்திரீகள் ஸ்திரீக்கே வாக்களிப்பார்கள், கறுப்பர் கறுப்பருக்கே வாக்களிப்பார்கள் என்னும் அனுமானத்தை அமெரிக்கக் கட்சித் தலைவர்கள் இன்னும் கைவிட்டபாடில்லை. 1984இல் ஜனநாயகக் கட்சி ஜெரால்டின் ஃபெராரோவையும், 2008இல் குடியரசுக் கட்சி சாரா பேலினையும் உபஜனாதிபதி அபேட்சகராக நிறுத்தின. முன்னதில் எதிர்த்தரப்பு ரீகன் 49 மாகாணங்களில் வென்றதோடு ஸ்திரீகளின் வாக்கிலும் பெரும்பான்மை பெற்றார். பின்னதில் ஸ்திரீகளில் நூற்றுக்கு 56 பேர் ஜனநாயகக் கட்சியின் ஒபாமாவை ஆதரித்தனர். இதில் வியப்பில்லை. எல்லாக் குடும்பங்களிலும், வர்க்கங்களிலும், மதங்களிலும் பரவி வாழும் ஸ்திரீகளுக்குள், கருக்கலைப்பு முதல் வரிவிதிப்பு வரை அபிப்பிராய பேதம் இருப்பது இயல்புதானே?

கறுப்பர் விஷயம் வேறு. அடிமைமுறையும், பின்வந்த பிரிவினைச் சட்டங்களும், வாக்குரிமை மறுப்பும் அவர்களை ஒரே தரப்பாகச் சேர்த்துவைத்தன. ஆயினும், 2008இல் அவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஒபாமாவுக்கு வாக்களித்ததை வெறும் இனாபிமானம் என்று சொல்பவர்கள், 2004இல் அதே கட்சியின் வெள்ளையரான கெர்ரிக்கும் 88 பேர் வாக்களித்ததைக் கவனிப்பதில்லை. 2006இல் மேரிலாந்தின் செனட் தேர்தலில் குடியரசுக் கட்சி மைக்கேல் ஸ்டீல் என்னும் கறுப்பரை நிறுத்தியபோது, கறுப்பரில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியின் வெள்ளையரான கார்டினையே தேர்ந்தனர். கட்சி முதலில், நிறம் பிறகு. கட்சி ஒன்றேயான உட்கட்சித் தேர்தலில் நிறம் பேசத்தான் செய்கிறது. அங்கும், வெள்ளையர் மிகுந்த அயோவாவில் வென்று தம்மால் வெல்ல முடியும் என்று ஒபாமா காட்டிய பின்னரே, தென் கரோலினாக் கறுப்பர் திரளாக அவர் பக்கம் சேர்ந்தனர்.

தம்மைப் போன்றவருக்கு வாக்களிக்கும் வழக்கத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. ஆளும் வர்க்கத்திடம் தலைமுறை தலைமுறையாக ஏமாந்த மக்களுக்கு, அபேட்சகரின் வாக்குறுதியைவிட அவர் பட்ட அனுபவமே நம்பத்தக்க ஜாமீன் என்று தோன்றுவது இயற்கை. அத்தகைய அவநம்பிக்கை நிலவுமிடத்தில் ஒத்த பிறப்புடைய பிரதிநிதிக்குத் தனி மதிப்புண்டு என்று அரசியல் அறிஞர் ஜேன் மான்ஸ்பிரிட்ஜ் 1999இல் வாதித்தார். ஆனால் பிறப்பு அனுமானப் பிரமாணமே. ஒருவர் ஆற்றிய தொண்டு கண்முன் நிற்கையில், அந்தப் பிரத்தியட்சத்தின் முன் அனுமானத்துக்கு வேலையில்லை.

இதற்கு மெம்பிஸ் நகரத்தைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. கறுப்பர் பெரும்பான்மையான அந்நகரத் தொகுதியில், 2006இல், ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பல கறுப்பு அபேட்சகர்களிடையே வாக்குகள் சிதறியதால், ஸ்டீவ் கோஹென் என்னும் வெள்ளை யூதர் தேர்வாகிக் காங்கிரஸ் சபைக்குச் சென்றார். அதிர்ஷ்டம் என்றே பலரும் கருதினர். ஆனால் அடிமைமுறைக்கு மன்னிப்புக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்து 2008இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறச் செய்தவர் அவரே. அவ்வாண்டு நிக்கி டிங்கர் என்னும் கறுப்புப் பெண்மணியும், 2010இல் அந்நகரம் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பு மேயரான வில்லி ஹெரன்டனும் அவரை எதிர்த்தனர். ஹெரன்டனோ இனத்தை வெளிப்படையாகவே முன்வைத்தார். இருமுறையும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வாக்குகள் கோஹெனுக்கே விழுந்தன.

இன வாக்கு என்னும் பழியைக் கறுப்பர்மீது சுமத்துவோர், 2008க்கு முன் ஜனாதிபதியான ஒவ்வொருவரும் வெள்ளையராகவே இருந்ததற்கு அப்பெயரைச் சூட்டுவதில்லை. அவர்களது விமரிசனத்தில் எனக்குள்ள பிரதான ஆட்சேபம் இதுவே.