ஐந்தாம் எண் இழைப்புளி: வாங்குவதும் வசப்படுத்துவதும்

மரவேலையைப் புதிதாகத் தொடங்குவோர் முதலில் வாங்க வேண்டிய இழைப்புளி எது என்ற கேள்விக்குப் பெய்லி வகை ஐந்தாம் எண் ஜாக் பிளேன் என்பதே பெரும்பாலான பட்டறைகளுக்குப் பொருந்தும் விடையாகும். ஆயினும், மலிவு விலையில் கிடைக்கும் இழைப்புளி பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் பாதி முடிந்த கருவியே என்பதையும், மீதிப் பாதியைத் தீட்டுக்கல்லின் துணையோடு வாங்கியவரே முடித்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லாத மதிப்புரை முழுமை பெறாது.

அமைப்பு

பழைய மர இழைப்புளியில் தகட்டை ஆப்பு அடித்து இறுக்கி, சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே அது வெளியே நீளும் அளவைத் திருத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கருவிகள் செய்த லியோனார்ட் பெய்லி, தகட்டின் பின்னால் ஒரு திருகுச் சக்கரத்தைப் பொருத்தி, விரலால் திருகியே இழைப்பின் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்தார். ஸ்டான்லி நிறுவனம் 1869இல் அவருடைய காப்புரிமைகளைப் பெற்ற பின்னர் அந்த அமைப்பு உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் ரெக்கார்டு, இந்தியாவின் அனந்த் முதலிய பெயர்களில் வந்த இரும்பு இழைப்புளிகளும் அதே அமைப்பைப் பின்பற்றியவையே. இவற்றில் வெட்டும் தகடு, ஃபிராக் எனப்படும் சாய்ந்த இரும்புப் பீடத்தின் மீது 45 பாகைக் கோணத்தில், தீட்டிய சரிவு கீழ்நோக்கி இருக்குமாறு படுத்திருக்கும். அதன் முதுகில் மேல்தகடு என்னும் இரண்டாவது இரும்பு திருகப்பட்டிருக்கும். கூர்முனை வெளியே தலைநீட்டும் இடுக்கு, வாய் எனப்படும்.

அளவும் பணியும்

பெய்லி வகையில் எண் உயர உயரப் பெரும்பாலும் உடலின் நீளமும் உயர்கிறது. நீளம் கூடிய அடிப்பரப்பு, பலகையின் மேடுகளின் மீதே ஊர்ந்து சென்று பள்ளங்களைத் தொடாமல் கடப்பதால், மேடுகள் மட்டும் சீவப்பட்டுப் பலகை நேராகிறது. குட்டையான இழைப்புளியோ பள்ளத்திலும் இறங்கி ஏறிச் செல்வதால் பரப்பை வழுவழுப்பாக்குமே அன்றி நேராக்காது. ஏறத்தாழ 9 அங்குல நீளமுள்ள நான்காம் எண் இறுதி மெருகுக்கும், 22 அங்குல நீளமுள்ள ஏழாம் எண் பலகை விளிம்புகளை ஒட்டுவதற்காக நேராக்கவும் பயன்படுகின்றன. 14 அங்குல உடலும் 2 அங்குல அகலத் தகடும் கொண்ட ஐந்தாம் எண் இரண்டுக்கும் நடுவில் நின்று, கரடான பலகையைத் தணிப்பது முதல் கதவுச் சட்டத்தின் விளிம்பைச் சரிசெய்வது வரை பெரும்பாலான வேலைகளைத் தாங்குகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அடிப்பரப்பு முழுவதும் கண்ணாடி போல் மட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. முன்நுனி, வாயை ஒட்டிய முன்பகுதி, பின்நுனி ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும் என்பதால், உலோக அளவுகோல் ஒன்றை நெடுக வைத்து வெளிச்சத்தில் பார்த்தே இதை அறியலாம். வாய்க்கு முன்னால் குழிந்திருக்கும் இழைப்புளி மெல்லிய சுருளை எடுக்காது. ஃபிராக் தன் இருக்கையில் ஆடாமல் பொருந்தியிருக்கிறதா என்பதும் முக்கியம். அது ஆடினால் தகடு அதிர்ந்து, இழைத்த பரப்பில் குறுக்கு வரிகள் விழும். திருகுச் சக்கரம் திசை மாறும்போது சிறிது வெறுமனே சுழல்வது இவ்வகைக்கு இயல்பானது. அதைக் குறையாகக் கருதாமல், எப்போதும் தகட்டை வெளியே தள்ளும் திசையிலேயே கடைசித் திருகலை முடித்தால் அளவு நழுவாது. சாம்பல் வார்ப்பிரும்பால் ஆன உடல் கீழே விழுந்தால் உடையக்கூடியது. அமெரிக்காவின் லீ-நீல்சன், கனடாவின் வெரிட்டாஸ் ஆகிய நிறுவனங்கள் எளிதில் உடையாத வார்ப்பிரும்பைப் பயன்படுத்துகின்றன, விலையும் அதற்கேற்ப மிக அதிகம்.

தீட்டுதல்

கடையில் வாங்கிய தகடு பொதுவாக 25 பாகைச் சரிவில் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். அது வெட்டுவதற்கு ஆயத்தமான கூர் அன்று. தகட்டின் தட்டையான முகத்தில் கூர்முனையை ஒட்டிய பகுதியை முதலில் கல்லில் தேய்த்து மட்டமாக்கி, பின்னர் 1000 தரக் கல்லில் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் பிசிறு எழும்வரை தீட்டி, 6000 அல்லது 8000 தரக் கல்லில் மெருகேற்றிப் பிசிறை நீக்க வேண்டும். தகட்டின் சரிவு கீழ்நோக்கி இருப்பதால், மரத்தைச் சந்திக்கும் கோணத்தைப் பீடத்தின் சாய்வே தீர்மானிக்கிறது. ஆகவே தீட்டும் கோணம் ஓரிரு பாகை மாறினாலும் வெட்டும் கோணம் மாறுவதில்லை. தேக்கில் மணற்சத்தான சிலிக்கா கலந்திருப்பதால் கூர் விரைவில் மழுங்கும். அம்மரத்தில் வேலை செய்வோர் சுருள் பொடியாக உதிரத் தொடங்கும்போதே கல்லை நாடுவது நல்லது.

மேல்தகடு என்னும் மறைந்த வலிமை

நாரின் ஓட்டம் அடுக்குக்கு அடுக்குத் திசை மாறும் வேம்பு போன்ற மரங்களில், ஒரு பக்கம் வழுவழுப்பாக வரும் இழைப்பு மறுபக்கம் நாரைப் பிய்த்து எடுக்கும். கூர்முனைக்கு முன்னால் மரம் பிளந்து, அப்பிளவு பரப்புக்குக் கீழே இறங்குவதே இதற்குக் காரணம். மேல்தகட்டைக் கூர்முனைக்கு மிக அருகில் கொண்டுவந்தால், எழும் சுருள் உடனே அதில் மோதி முன்னோக்கி மடக்கப்படுவதால் பிளவு நீள்வதற்கு இடமில்லாமல் போகிறது. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கவாய், கடோ ஆகிய இருவரும் நுண்ணோக்கிப் படப்பதிவின் மூலம் இந்த நிகழ்வைத் தெளிவாகக் காட்டினர். கரட்டு வேலைக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளியும், எதிர்நாரில் இறுதி இழைப்புக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியும் பொருத்தமானவை. இரு தகடுகளுக்கும் நடுவே ஒளி தெரியாதவாறு மேல்தகட்டின் நுனியைக் கல்லில் தேய்த்துச் சீராக்காவிட்டால், சுருள் அங்கே புகுந்து வாயை அடைத்துவிடும்.

தாழ்கோண மாற்று

சந்தையில் பெரிதும் புகழப்படும் தாழ்கோண ஜாக் பிளேனில் தகடு 12 பாகையில், சரிவு மேல்நோக்கிப் படுத்திருக்கும். 25 பாகைச் சரிவுள்ள தகட்டோடு சேர்ந்து வெட்டும் கோணம் 37 பாகை ஆகிறது. பலகையின் வெட்டுமுகத்தைச் சீவுவதற்கு அது மிக ஏற்றது. ஆனால் மேல்தகடு இல்லாததால், எதிர்நாரில் பிய்தலைத் தவிர்க்க 50 பாகைக்கு அருகில் தீட்டிய வேறொரு தகட்டை மாட்டி, வெட்டும் கோணத்தை 60 பாகைக்கு மேல் உயர்த்த வேண்டும். அப்போது தள்ளுவதற்குத் தேவைப்படும் வலுவும் கூடுகிறது. நார் முறுகிய மரங்களோடு புழங்கும் பட்டறைக்குப் பெய்லி அமைப்பே அதிகம் உதவும்.

கையாளுதல்

நார் மேலேறும் திசையிலேயே தள்ள வேண்டும் என்பது முதல் விதி. தொடக்கத்தில் முன்குமிழையும், நடுவில் இரு கைப்பிடிகளையும், முடிவில் பின்கைப்பிடியையும் அழுத்தினால்தான் பலகையின் இரு நுனிகளும் சரிந்து தேயாமல் இருக்கும். வெட்டுமுகத்தை இழைக்கும்போது இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளாவிட்டால் கடைசி ஓரம் உடைந்து தெறிக்கும். அடிப்பரப்பில் அவ்வப்போது மெழுகுவத்தியைத் தேய்த்தால் தள்ளும் சிரமம் வெகுவாகக் குறையும். ஈரக்காற்று மிகுந்த கடலோர ஊர்களில் வேலை முடிந்ததும் மெல்லிய எண்ணெய் பூசி வைக்காவிட்டால் துரு ஏறும்.

தீர்ப்பு

பீடம் ஆடாத, வாய்ப்பகுதி குழியாத நடுத்தர விலை ஐந்தாம் எண் இழைப்புளி ஒன்றும், அதற்கு இரண்டு தகடுகளும் போதுமானவை. ஒன்றை 200 முதல் 250 மில்லிமீட்டர் ஆர வளைவில் தீட்டிக் கரட்டு வேலைக்கும், மற்றொன்றை ஏறத்தாழ நேராகத் தீட்டி இறுதி இழைப்புக்கும் ஒதுக்கினால், தொடக்க நிலையில் வேறு இழைப்புளி தேவைப்படாது. விலையுயர்ந்த மாதிரிக்குச் செலவிட நினைக்கும் பணத்தின் ஒரு பகுதியை நல்ல தீட்டுக்கற்களுக்கு ஒதுக்குவதே அறிவுடைமை. மழுங்கிய தகட்டோடு எந்த விலை இழைப்புளியும் மரத்தைச் சீவாது, பிய்க்கவே செய்யும்.