காலையில் அவித்த கடலை

பாக்குநீரிணைக்கு இரு கரையிலும் சோற்றோடு பருப்பு சேர்த்துத்தான் சாப்பிடுகிறார்கள். ஆகவே இரண்டும் ஒரே சாப்பாடு என்று நினைத்துவிடுகிறோம். அடுப்படிக்குள் போனால் அப்படியில்லை. தமிழ்நாட்டில் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, புளிக்கரைசலிலும் காய்கறியிலும் கலந்து சாம்பாராக நீட்டுவார்கள். மேலே தெளிந்த பருப்புத் தண்ணீர் ரசத்துக்குப் போகும். இலங்கையில் பருப்பு என்றால் பெரும்பாலும் மைசூர்ப் பருப்புத்தான். பெயரில் மைசூர் இருந்தாலும், கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வருவது அது. புளி சேர்க்காமல், கடையாமல், தேங்காய்ப்பால் விட்டுக் கறியாகக் காய்ச்சித் தாளிப்பார்கள். சோற்றுக்கும் அதுதான், பாணுக்கும் அதுதான், இடியப்பத்துக்கும் அதுதான். இந்தச் சுவை வேற்றுமையைப் பற்றி நிறையவே பேசியாயிற்று. கை கழுவிய பிறகு வரும் இரண்டு மணி நேரத்தில் இந்தச் சாப்பாடு இரத்தத்தில் என்ன செய்கிறது என்பதுதான் பேசப்படாமல் கிடக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இலங்கையிலோ 2005–06 ஆய்விலேயே 20 வயதைக் கடந்தோரில் பத்தில் ஒருவருக்கு அது இருந்தது. இரு கரைக்கும் இது வீட்டுப் பிரச்சினை.

சோறு மட்டும் உள்ளே போனால் அதன் மாவுச்சத்து விரைவில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் ஏறுகிறது. கூடவே பருப்பின் புரதம் போகும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. இரைப்பை தன்னிடம் இருப்பதைச் சற்று நிதானமாகக் குடலுக்கு அனுப்புகிறது. குடல்சுவர் ஜி.எல்.பி.-1 போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை கணையத்தை உசுப்பி, பசியையும் அடக்குகின்றன. புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்கள் இன்சுலின் சுரப்பதற்குத் தாமும் தூண்டுகோலாகின்றன. இவை தவிர, புரதத்தைச் செரித்துக் கையாளுவதற்கே அதிலுள்ள ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு வரை உடல் செலவழிக்கிறது. மாவுச்சத்துக்கு இந்தச் செலவு 5 முதல் 10 விழுக்காடுதான். ஆனால் பயறு வகைகளில் புரதம் தனித்து வேலை செய்வதில்லை. முழுப்பயற்றின் மாவுச்சத்து, வெந்த பிறகும் உறுதி குலையாத செல்சுவருக்குள் புரதத்தோடும் நார்ச்சத்தோடும் பொதிந்து கிடக்கிறது. செரிமான நொதிகள் அதனுள் மெல்லத்தான் புக முடியும். டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் 1981-இல் முன்வைத்த சர்க்கரை உயர்த்து குறியீட்டின்படி, குளுக்கோஸை 100 என்று வைத்தால் வெள்ளைச் சோறு பொதுவாக 70-ஐத் தாண்டுகிறது; அவித்த கொண்டைக்கடலையும் மைசூர்ப் பருப்பும் 30-ஐ ஒட்டியே நிற்கின்றன.

இதை வைத்து, பருப்பு சாப்பிடும் நாம் பிழைத்தோம் என்று சொல்லிவிட முடியாது, அளவு அப்படி. நான்கு பேருக்கான சாம்பாரில் 100 கிராம் துவரம்பருப்பு விழுந்தால் ஆளுக்கு 25 கிராம், அதில் புரதம் ஐந்தரை கிராம் அளவுக்குத்தான். அதுவும் மூன்று கரண்டி சோற்றின்மேல் பரவிப் போய்விடுகிறது. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையின் கணக்கும் இதையே பேசுகிறது: அரிசி அட்டைக்குப் பொதுவாக 20 கிலோ அளவில் இலவசம், சிறப்புத் திட்டத்தில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ. இட்லியில் உளுந்து இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் போட்டால் அந்த மாவின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புரதம். வெறும் அரிசியைவிட இது மேல். ஆனால் நைய அரைத்துப் பொங்கவைத்து ஆவியில் வேகவைத்த பிறகு அந்தச் செல்சுவர் எங்கே இருக்கும்? உளுந்தின் புரதம் மிஞ்சுகிறது, அதன் நிதானம் போய்விடுகிறது. இலங்கைத் தட்டின் கதையும் மதியத்தில் பெரிதாக வேறில்லை. கறி கெட்டியாக இருப்பதால் ஒரு கரண்டியில் விழும் பருப்பு கூடுதல். ஆனாலும் சோற்றுக் குவியலின் ஓரத்தில் இரண்டு கரண்டி என்ற இடம்தான் அதற்கு.

வேறுபாடு காலையில் இருக்கிறது. இலங்கையில் அவித்த கடலை, பயறு, கௌபி என்னும் தட்டைப்பயறு ஆகியவற்றைத் தேங்காய்ப்பூ எனப்படும் தேங்காய்த் துருவலோடும் கட்டைச் சம்பலோடும் காலை உணவாகவே சாப்பிடும் வழக்கம் உண்டு. சிங்கள வீடுகளில் சம்பலின் இடத்தில், மிளகாயும் வெங்காயமும் உப்பும் சேர்த்து இடித்த லுணு மிரிஸ் வரும். பக்க உணவாக இல்லாமல், தட்டில் அதுவே சாப்பாடாக இருக்கிறது. தமிழ்நாட்டிலும் இதே பண்டம் இருக்கிறது, சுண்டல் என்ற பெயரில். ஆனால் அது நவராத்திரிக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் கடற்கரை மாலைக்கும் ஒதுக்கப்பட்டுவிட்டது. உள்ளங்கை அளவில், பிரசாதமாக அல்லது கொறிக்க. இந்த நேர வேறுபாட்டைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. ஜென்கின்ஸ் குழு 1982-இல் இன்னொன்றையும் காட்டியது: காலையில் பருப்பு சாப்பிட்டவர்களுக்கு, அடுத்து உண்ட மதிய உணவுக்குப் பிறகான சர்க்கரை ஏற்றமும் குறைந்தது. மெல்லச் செரிக்கும் உணவு, இரத்தத்தில் கொழுப்பமிலங்கள் துள்ளி எழுவதைத் தடுத்து இன்சுலின் நன்றாக வேலை செய்ய வழிவிடுகிறது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போன பகுதியை அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்களும் இதில் பங்கெடுக்கின்றன. மாலைச் சுண்டல் இந்தப் பயனை இராச்சாப்பாட்டுக்குத் தரும். காலைக் கடலை, நாளின் மிகப் பெரிய சோற்றுத் தட்டான மதியத்துக்குத் தரும். ஒரே பண்டம்தான், இலங்கைக்காரர் அதைச் சரியான மணிக்கு வைத்திருக்கிறார் என்பதே என் வாதம்.

மறுப்புகள் வரும், வர வேண்டியவைதான். இந்தியா என்றால் சுண்டல் மட்டுமா, ஆந்திரத்தின் பெசரட்டு, கேரளத்தின் புட்டும் கடலைக்கறியும், தமிழ்நாட்டு அடை இவையெல்லாம் காலை உணவாகப் பயறு வருவதுதானே என்பது முதலாவது. முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். புட்டோடு கடலையைச் சேர்த்த கேரளம் இந்த விஷயத்தில் யாழ்ப்பாணத்துக்கே பாடம் சொல்லும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் புட்டுக்குப் பெரும்பாலும் சொதியும் சம்பலும்தான் துணை. அடையிலும் பெசரட்டிலும் பயறு அரைபடுகிறது என்றாலும் கொரகொரப்பும் விகிதமும் இட்லி மாவுக்கு இல்லாத அனுகூலம். அடுத்தது தேங்காய். கொழுப்பு இரைப்பையை மெதுவாக்கிச் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கும், ஆனால் கலோரியையும் கூட்டும். பருப்புக் கறியில் முதற்பாலைத் தாராளமாக விடும் பழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அவித்த கடலைமேல் தூவும் ஒரு பிடி தேங்காய்ப்பூ வேறு கணக்கு. மூன்றாவது, எல்லோர் வாயிலும் வருவது: வாயு. உண்மைதான், குடல் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும் அதே சத்துதான் வாயுவையும் உண்டாக்குகிறது. இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கணிசமாகக் குறையும். சில வாரம் தொடர்ந்து சாப்பிட்டால் வயிறும் பழகிக்கொள்ளும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மட்டும் இந்தப் பேச்சு பொருந்தாது. அவர்களின் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பயற்றுப் புரதம் முழுமையற்றது என்ற பழைய குறையும் நிற்காது. அதில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைவான லைசின் பயற்றில் இருக்கிறது. மதியத்தில் எப்படியும் சோறு வரப்போகிறது.

இந்த மாற்றத்தைப் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டுச் சத்துணவில் கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் மதியத்தில் ஏற்கெனவே வருகின்றன. அவற்றை ஊறவைத்து அவித்துப் பரிமாற அந்தச் சமையற்கூடங்களுக்குத் தெரியும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலிலோ உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று ரவையும் சேமியாவும் அரிசியுமே முன்னிற்கின்றன. பொங்கலில் பாசிப்பருப்பு இருப்பது நல்லது, அதன் விகிதத்தை அரிசி இரண்டு பங்குக்குப் பருப்பு ஒரு பங்கு என்பதற்குக் கீழே இறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், அந்த உப்புமாவின் பாதியை எடுத்துவிட்டு அங்கே ஒரு கிண்ணம் அவித்த பயறு வைக்கலாம். காவிரிப் படுகையில் நெல் அறுத்த வயலிலேயே உளுந்தும் பயறும் விளைகின்றன. கடல் தாண்டி வாங்க வேண்டியதில்லை. இலங்கைக்கும் இதே கேள்வி உண்டு: வறண்ட வலயத்தில் பயறும் கௌபியும் விளையும்போது, 2022-இன் டாலர் தட்டுப்பாட்டில் விலை எகிறிய இறக்குமதிப் பருப்பையே மதியத் தட்டு முழுக்க நம்பியிருப்பது எதற்கு?