குட்டி எஞ்சினை எப்படி ரசிப்பது

கையால் செய்த நீராவி எஞ்சின் ஒன்று மேசைமேல் ஓடுவதைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் வருவது, "அடேயப்பா, எவ்வளவு சின்னது!" என்பதுதான். அந்த வியப்பு நியாயமானதே. ஆனால் அதோடு நகர்ந்துவிட்டால், செய்தவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய இடம் நம் கண்ணில் படாமலே போய்விடும். ரயில் எஞ்சினைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். நெருப்பும் தண்ணீரும் அப்படிச் சுருங்கிக் கொடுக்காது. செய்தவர் எங்கே அளவை விட்டுக்கொடுத்தார், எங்கே பிடிவாதமாக நின்றார் என்று தேடிப் பாருங்கள். ரசனை அங்கேதான் தொடங்குகிறது.

இந்தப் பொழுதுபோக்கு ஆழமாக வேரூன்றிய நாடு இங்கிலாந்து. வீட்டுக் கொட்டகையில் ஒரு லேத்தும் ஒரு வைஸும் வைத்துக்கொண்டு, பகல் வேலை முடிந்தபின் எஞ்சின் கடைபவர்களுக்காக 1898-இல் பெர்சிவல் மார்ஷல் 'மாடல் எஞ்சினியர்' என்ற இதழைத் தொடங்கினார். அங்கே 3½ அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின், அசல் எஞ்சினில் ஏறத்தாழ 16-இல் ஒரு பங்கு. கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. நீளம் 16-இல் ஒரு பங்கானால் பரப்பு 256-இல் ஒரு பங்கு. கொள்ளளவு 4,096-இல் ஒரு பங்கு. அதாவது குட்டி பாய்லரில், உள்ளே இருக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால், சூட்டை வெளியே விடும் மேற்பரப்பு அசலைப்போல் 16 மடங்கு. அசல் எஞ்சினை அச்சுப் பிசகாமல் சுருக்கினால், சூடு ஏற ஏற வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே முதலில் பாய்லர் பக்கம் போங்கள். முடிந்தால் முன்பக்கப் புகைக்கூட்டின் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அசலில் சூடான புகை செல்லும் இரண்டு அங்குலக் குழாய்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றை அப்படியே சுருக்கினால் ஒவ்வொன்றும் மூன்று மில்லிமீட்டர்தான், சாம்பல் அடைத்துக்கொள்ளும். நல்ல மாதிரியில் குழாய்கள் எண்ணிக்கையில் குறைவாகவும், அளவுக்குச் சற்றுப் பருமனாகவும் இருக்கும். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயும் அப்படித்தான். அதைச் சரி அளவுக்கு மெலிதாக்கினால் தண்ணீர் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பொய் மட்டம் காட்டும். ஓட்டுநர் கூண்டில் அந்தக் கண்ணாடி மட்டும் பெரிதாகத் தெரிந்தால், செய்தவருக்கு நெருப்பு மூட்டும் எண்ணம் நிஜமாகவே இருந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

குட்டி பாய்லர் நிஜமாகவே வேலை செய்யும் என்று ஊருக்கே ஓட்டிக் காட்டியவர், 'எல்.பி.எஸ்.சி.' என்ற எழுத்துகளில் எழுதிவந்த கர்லி லாரன்ஸ். 1920-களில், 2½ அங்குலத் தண்டவாளத்தில் ஓடும் 'ஆயிஷா' என்ற தன் எஞ்சினில் நிலக்கரி போட்டு, ஆளை உட்கார வைத்து இழுத்துக் காட்டினார். இவ்வளவு சிறிய பாய்லரில் அது நடக்குமா என்று பெரிய வாக்குவாதமே நடந்த காலம் அது. அதன்பிறகு பல பத்தாண்டுகள், முறையாகத் தொழில் கற்காதவரும் செய்யும்படி படிப்படியாக எழுதித் தந்தார். அவர் வடிவமைத்த சின்னஞ்சிறு 'டிச்' எஞ்சினைத் தொடக்கக்காரர்கள் இன்றும் செய்கிறார்கள். அளவுகோலைவிட நெருப்பை நம்பியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு.

அடுத்தது ஓட்டம். வேகமாகச் சுழலும் எஞ்சினைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். நீங்கள் மெதுவாகச் சுழல்வதைத் தேடுங்கள். ஃபிளைவீலின் சுழல் நிலைமம் நீளத்தின் ஐந்தாம் மடியில் மாறுகிறது. 16-இல் ஒரு பங்கு எஞ்சினில் அது அசலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. பிஸ்டன் முனைக்கு வந்து திரும்பும் இடத்தில் சக்கரத்தைத் தள்ளிவிட வேண்டிய சேமிப்பு அதனிடம் அவ்வளவாக இல்லை. அப்படியிருந்தும் ஒவ்வொரு சுற்றையும் கண்ணால் எண்ணுகிற நிதானத்தில், திக்காமல் திணறாமல் ஓடுகிறது என்றால், உள்ளே உராய்வு மிகமிகக் குறைவு, வால்வு சரியான நொடியில் திறக்கிறது, பிஸ்டன் சிலிண்டரில் இறுகாமலும் கசியாமலும் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். முக்கால் அங்குல சிலிண்டர் கொண்ட ஸ்டூவர்ட் 10வி மாதிரியான எளிய நின்றநிலை எஞ்சினிலேயே இதைப் பார்க்கலாம். வார்ப்புகளாக வாங்கிக் கடைந்து முடிக்கிற எஞ்சின் அது. ஒரே வார்ப்பை இரண்டு பேர் முடித்தால் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும்.

இப்போது கண்ணை மூடிக் காதைக் கொடுங்கள். இரண்டு சிலிண்டர் ரயில் எஞ்சினில் நீராவி பிஸ்டனின் இருபுறமும் மாறிமாறித் தள்ளுகிறது. அதனால் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் புகைபோக்கியில் நான்கு 'சஃப்' கேட்க வேண்டும். நான்கும் சம இடைவெளியில், சம பலத்தில் விழுகின்றனவா? ஒன்று முந்தினாலோ தணிந்தாலோ வால்வு அமைப்பு எங்கோ மயிரிழை பிசகியிருக்கிறது. கண்காட்சி மேசைகளில் பல எஞ்சின்கள் அழுத்தக் காற்றில் ஓடும். அதில் குறையில்லை, ஆனால் நீராவியில் உலோகம் சூடேறி விரிகிறது, குளிர்ந்த சிலிண்டரில் தண்ணீர் தேங்குகிறது, எண்ணெய் கழுவிப்போகிறது. காற்றில் சீராக ஓடுவது பாதிப் பரீட்சைதான்.

கடைசியாக மேற்பரப்பு. கண்ணாடிபோல் பளபளக்கும் பித்தளையில் மயங்க வேண்டாம். அசல் எஞ்சினில் வார்ப்புகள் பெரும்பாலும் வண்ணம் பூசியவை. பளபளத்தவை இணைப்புத் தண்டு போன்ற சில பாகங்களே. எல்லாவற்றையும் மினுக்கியவர் மெருகேற்றுவதில் கெட்டிக்காரர், எஞ்சினைக் கவனிக்கவில்லை. ரிவெட் தலைகள் பெயின்ட்டில் மூழ்காமல் தெளிவாக நிற்கின்றனவா, நட்டுகள் அளவுக்குப் பொருந்துகின்றனவா, அரம் போட்ட மூலைகள் கூர்மை கெடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதில் உச்சம் பார்க்க விரும்புபவர் செரி ஹில்லின் வேலையைத் தேடிப் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் விநோதமான நீராவி வண்டிகளை 16-இல் ஒரு பங்காகச் செய்து, இந்தத் துறையின் பெரும் பரிசான எடின்பரோ கோமகன் கோப்பையை ஒன்பது முறை வென்றவர். ஆவணங்களைத் தோண்டி, அசல் எப்படி இயங்கியிருக்கும் என்று யோசித்து, அதற்குப் பிறகுதான் உலோகத்தைத் தொட்டார். லேத்துக்கு முன்னால் நடந்த அந்த வேலையும் அவருடைய எஞ்சின்களில் தெரிகிறது.

செய்தவர் பக்கத்தில் நின்றால் "எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். "வரைபடத்தில் இல்லாத எதை மாற்றினீங்க?" என்று கேளுங்கள். பாய்லரை எப்படிச் சோதித்தார் என்றும் கேளுங்கள். புதிய பாய்லரில் தண்ணீரை நிரப்பி, ஓடும் அழுத்தத்தைப்போல் இரு மடங்கு ஏற்றிப் பார்ப்பது வழக்கம். தண்ணீர் அமுங்காது, அதனால் பற்றவைத்த இடம் விட்டால் கசியுமே தவிர வெடித்துச் சிதறாது. கடைசியில், நீராவி இல்லாத நேரத்தில் ஃபிளைவீலை விரலால் ஒருமுறை சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள்.