பழுதின் விலை

கைக்கடிகாரச் சேகரிப்பாளர்களின் சொல்லாடலில் 'நியோ-வின்டேஜ்' என்றொரு வகைப்பாடு புழங்குகிறது. ஏறத்தாழ 1980களுக்கும் 2000இன் தொடக்க ஆண்டுகளுக்கும் இடைப்பட்டவை. பழம்பொருளும் இல்லை, புதுசும் இல்லை. இதன் மையப் பிரதி என்று ரோலெக்ஸ் டேட்டோனா 16520ஐச் சொல்லலாம். 1988இல் அறிமுகமாகி 2000இல் நின்றுபோன க்ரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த கடிகாரம்.

முகப்பில் இருப்பது ரோலெக்ஸின் கிரீடம். உள்ளே ஓடுவதோ ஸெனித் கம்பெனியின் 'எல் ப்ரிமேரோ' இயந்திரம். ரோலெக்ஸ் அதைப் பெருமளவு மாற்றி, மணிக்கு 36,000 அதிர்வுகளை 28,800 ஆக்கி, 4030 என்று தன் எண்ணைப் போட்டுக்கொண்டது. ஸெனித்தின் பெயர் முகப்பில் கிடையாது.

அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் இருக்கிறது. 1969இல் வெளியான எல் ப்ரிமேரோவை குவார்ட்ஸ் அலை மூழ்கடித்தது. ஸெனித்தை 1971இல் வாங்கியிருந்த சிகாகோ ரேடியோ கம்பெனி, 1975இல் இயந்திரக் கடிகாரத் தயாரிப்பை நிறுத்தச் சொன்னது. ல லோக்ல் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஷார்ல் வெர்மோ கேட்கவில்லை. அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் பரணுக்குக் கொண்டுபோய் ஒளித்தார். எது எங்கே என்று குறித்தும் வைத்தார். 1984இல் உற்பத்தி மீண்டது அவற்றைக் கொண்டுதான். 1970இல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் மிஞ்சியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்த அழிவுக்கு நடுவே நடந்த கீழ்ப்படியாமை இது.

சேகரிப்பாளர் எதற்குக் கூடுதல் காசு கொடுக்கிறார்? 1990களின் நடுவில் வந்த சில கறுப்பு டயல்களில், வார்னிஷ் சரியாகக் காக்காததால் சிறுவட்டங்களின் வெள்ளி வளையங்கள் பழுப்பேறின. கறார்த்தனத்துக்குப் பேர்போன கம்பெனியின் பழுது. அது இன்று அபூர்வம். 'பட்ரீட்ஸி டயல்' என்று பெயர், ஏலக்காரர் ஒஸ்வால்டோ பட்ரீட்ஸியின் பெயரால். பழுதுக்கு ஏலக்காரர் பெயர் கிடைத்தது. இயந்திரத்தைக் காப்பாற்றியவர் பெயர் 16520இல் எங்கும் இல்லை.

வெர்மோவை அவர்கள் மறக்கவில்லையே, எங்கே போனாலும் அந்தக் கதையைத்தானே சொல்கிறார்கள் என்று கேட்கலாம். வாஸ்தவம்தான். ஸெனித்தே சொல்கிறது. ஆனால் முதலாளியின் கட்டளையை மீறிய செயல் அங்கே கடிகாரத்தைச் சுற்றித் தரும் ஜிகினாத் தாளாகிவிடுகிறது. மீறல் என்ற உள்ளடக்கம் கழிந்து, 'பாரம்பரியம்' மட்டும் மிஞ்சுகிறது.

இரண்டு பேரும் 'பாதுகாக்கிறார்கள்' என்றுதான் சொல்கிறோம். வெர்மோ பாதுகாத்தது செய்யும் திறனை. இன்னும் ஆயிரம் கடிகாரம் செய்யலாம், யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்பதற்காக. சேகரிப்பாளர் பாதுகாப்பது செய்து முடிந்த பண்டத்தை. பாலிஷ் போட்டால் விலை போயிடும், கட்டினால் கீறல் விழும், பட்டனை அமுக்கினால் தேயும். ஆக, விநாடியை அளக்கப் பிறந்த கருவி பெட்டகத்துக்குள் ஓடாமல் கிடக்கிறது. பரணில் கிடந்த அச்சுகளுக்காவது திரும்ப வேலை வரும் என்ற நம்பிக்கை இருந்தது.