புள்ளி போடுவது யார்?

ஒருநாள் முதுகலை வகுப்பில் ஒரு மாணவி கடைசி பெஞ்சில் கைபேசியை மடியில் வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். திரையில் ஓர் இளைஞன். அவன் முகத்துக்கு எதிரே நீல நிறத்தில் ஒரு சிறிய ஜன்னல் மிதந்தது. அதில் வலிமை, வேகம், உடலுறுதி என்று வரிசையாக எண்கள். வகுப்பு முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது, “இதுல அப்படி என்ன இருக்கு?” என்று கேட்டேன். “அவன் எவ்வளவு கஷ்டப்பட்டானோ அவ்வளவும் அதுல ஏறிடும்மா. எதுவும் வீணாப் போகாது” என்றாள்.

விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, வீட்டுக்கே சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருகிறவள் அவள். அதனால் அந்தப் பதிலை என்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் பார்த்த ‘சோலோ லெவலிங்’கைத் தேடிப் படித்தேன். பிறகு அதே வகையில் வேறு சிலவற்றையும் படித்தேன்.

வீடியோ கேமில் வருவதுபோல நாயகன் புள்ளி சேர்த்து, லெவல் லெவலாக ஏறும் மிகைபுனைவுகள் இவை. இவற்றின் வாசகர்கள் ஓயாமல் வாதிடுவது சமநிலையைப் பற்றி. நாயகன் அளவுக்கு மீறிப் பலசாலி ஆகிவிட்டானா? எதிரிக்கு ஈடுகொடுக்கும் பலம் இருக்கிறதா? பெற்ற சக்திக்கு உரிய விலையைக் கொடுத்தானா? நியாயமான கேள்விகள்தான். விலை கொடுக்காமல் கிடைக்கும் வெற்றியில் கதைக்கு உயிர் இருக்காது. ஆனால் இவையெல்லாம் ஏணியில் கால் வைத்த பிறகு எழும் கேள்விகள். ஏணியைச் செய்தது யார், எந்த வேலைக்குப் படி உண்டு, எந்த வேலைக்கு இல்லை என்று தீர்மானித்தது யார் என்ற கேள்விகள் அவற்றுக்கு முந்தியவை.

இந்த ஏணிக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டுதான், பாத்திரங்கள் அனுபவப் புள்ளி சேர்த்து லெவல் ஏறும் முறையைப் பரவலாக்கியது. அரக்கனைக் கொன்றால் புள்ளி, புதையலைத் தூக்கி வந்தால் புள்ளி. 1978இல் வந்த அதன் விரிவான பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் வலிமைக்கென்று ஓர் அட்டவணை இருந்தது. வலிமை 18ஐத் தொட்ட போர்வீரருக்கு அதற்கு மேல் ஒரு சதவீதக் கணக்கு உண்டு. மனித ஆண் நூறுவரை போகலாம். மனிதப் பெண் ஐம்பதோடு நின்றுவிட வேண்டும். டிராகன் பறக்கும் உலகத்தில், கையசைத்தால் நெருப்பு மழை பொழியும் உலகத்தில், பெண்ணின் தோள் மட்டும் ‘யதார்த்தமாக’ இருக்க வேண்டியிருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. அட்டவணையை எழுதியது மனிதக் கைதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இப்போது ‘சோலோ லெவலிங்’கிற்கு வருகிறேன். தென்கொரிய எழுத்தாளர் சூகோங் 2016இல் இணையத்தில் தொடராக எழுதத் தொடங்கிய நாவல் இது. 2018இல் சித்திரத் தொடராகவும் 2024இல் அனிமேயாகவும் வந்து உலகெங்கும் பரவியது. அரக்கர்களை வேட்டையாடுவோருக்கு இந்தக் கதையில் ‘இ’ முதல் ‘எஸ்’ வரை தரம் உண்டு. ஆற்றல் விழித்தெழும்போது என்ன தரம் கிடைத்ததோ, ஏறத்தாழ அதுதான் கடைசிவரை. பிறப்பிலேயே முடிவாகிவிடும் தரவரிசை எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகக் கீழான ‘இ’ தரத்தில் இருக்கும் சுங் ஜின்வூ, தாயின் மருத்துவச் செலவுக்காக உயிரைப் பணயம் வைத்து வேட்டைக்குப் போகிறான். ஒரு பாதாளக் கோயிலில் சாகும் தருவாயில் அவன் எதிரே அந்த ஜன்னல் திறக்கிறது. அதன் பிறகு, உலகில் அவன் ஒருவன் மட்டும் லெவல் ஏறலாம்.

ஜன்னல் அவனுக்குத் தினமும் ஒரு வேலை தருகிறது. நூறு தண்டால், நூறு வயிற்றுப் பயிற்சி, நூறு பைட்டக், பத்து கிலோமீட்டர் ஓட்டம். தவறினால் தண்டனை, முடித்தால் பரிசு. உழைப்புக்கு உடனே கூலி என்ற இந்தக் கணக்கில்தான் என் மாணவி மயங்கினாள். எனக்கும் அந்த இடங்களில் மனம் நிறையத்தான் செய்தது. ஆனால் கதையின் பிற்பகுதியில் ஓர் உண்மை வெளிப்படுகிறது. நிழல்களின் அரசனுக்கு ஏற்ற உடலைத் தயார்செய்யவே இந்த அமைப்பைச் சிற்பி எனப்படும் ஒருவன் கட்டியிருக்கிறான். இத்தனை நாள் நடுநிலை நீதிபதியாகத் தெரிந்த ஜன்னல், ஆள் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. நாவல் இதை ஒரு திருப்பமாகச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. ஒருவனை மட்டும் ஏற்றிவிட்ட ஏணி நியாயமானதா என்று நின்று கேட்பதில்லை.

அந்த ஏணியின் அடியில் இருக்கும் பெண்களைப் பாருங்கள். லீ ஜூஹீ, ‘பி’ தரக் குணப்படுத்துநர். காயத்தோடு திரும்பத் திரும்ப வந்து நிற்கும் ஜின்வூவின் உடலை மூடித் தைத்தவை அவள் கைகள். பாதாளக் கோயில் அனுபவத்தின் அச்சம் விலகாமல் அவள் வேட்டையை விட்டே போகிறாள். அவனுடைய அதிர்ச்சி லெவலாக மாறியது. அவளுடைய அதிர்ச்சி விலகலாக முடிந்தது. ‘எஸ்’ தர வாள்வீராங்கனை சா ஹேஇன் நாட்டின் மிகச் சிறந்த வேட்டையாளர்களில் ஒருத்தி. மற்ற வேட்டையாளர்களின் வாடை அவளுக்குச் சகிக்காது. ஜின்வூவிடம் மட்டும் நறுமணம் வீசுகிறது. அத்தனை வலிமையும் கொண்டவளைக் கதை கடைசியில் காதலியாக நிறுத்திவிடுகிறது. தாய் நீள்துயிலில் கிடக்கிறாள், தங்கை படிக்கிறாள். இருவரும் அவன் உழைப்புக்குக் காரணங்கள். இவர்கள் யாருக்கும் ஜன்னல் இல்லை.

அப்படியானால் பெண்ணுக்கும் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டால் போதுமா? ஜப்பானில் ஒகினா பாபா 2015இல் இணையத்தில் எழுதத் தொடங்கிய ‘சோ ஐ ஆம் எ ஸ்பைடர், சோ வாட்?’ தொடர் இந்தக் கேள்வியைத் தொட்டுப் பார்க்கிறது. ஒரு வகுப்பறையில் நடக்கும் வெடிப்பில் இறந்தவர்கள் வேறோர் உலகில் மறுபிறவி எடுக்கிறார்கள். ஒருவன் இளவரசனாகப் பிறக்கிறான். நம் கதைசொல்லி, ஒன்றையொன்று தின்னும் சிலந்திக் குஞ்சுகளுக்கு நடுவில் ஒரு குஞ்சாகப் பிறக்கிறாள். ஒரே வகுப்பு, தொடங்கும் இடம் வேறு. இங்கேயும் புள்ளிகள் உண்டு, எல்லோருக்கும் உண்டு. பட்டதெல்லாம் திறனாக ஏறுகிறது. வலிபட்டால் ‘வலி தாங்குதிறன்’, நஞ்சைத் தின்றால் ‘நஞ்சு தாங்குதிறன்’. அவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். தாங்கிக்கொள்வதையே தகுதியாக மாற்றிக் கொடுக்கும் அமைப்பை நான் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் கதை தன் அடித்தளத்தைத் திறந்து காட்டுகிறது. அந்த உலகின் உயிராற்றலை மனிதர்கள் முன்பே உறிஞ்சித் தீர்த்துவிட்டார்கள். உலகம் அழியாமலிருக்கச் சரியேல் என்ற பெண் தெய்வத்தை நடுவில் வைத்து ‘அமைப்பு’ கட்டப்பட்டிருக்கிறது. உயிர்கள் போரிட்டுச் சேர்க்கும் லெவலும் திறனும் அவை சாகும்போது அறுவடையாகி, சிதைந்த உலகுக்குப் போகின்றன. மேலே ஏறுகிறோம் என்று நினைத்தவர்கள் உண்மையில் கடனை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு லெவலுக்கும் அடியில் ஒரு பெண் தேய்ந்துகொண்டிருந்தாள்.

‘பூமாதேவி மாதிரி பொறுத்துப் போ’ என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். பூமியைத் தாங்குகிறவளுக்கு என்ன ஆகிறது என்று யாரும் சொல்லவில்லை. இந்தச் சிலந்திக் கதை அதைச் சொல்கிறது. அவளை விடுவிக்க அமைப்பையே உடைக்க வேண்டும், உடைத்தால் மனிதர்களில் ஏராளமானோர் சாவார்கள் என்ற இடத்துக்கும் வந்து நிற்கிறது. அந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் சமநிலை என்ற சொல்லை இந்த வகைப் புனைவில் கடைசிவரை கொண்டுபோய்க் கேட்ட பிரதி என்று இதைத்தான் சொல்வேன்.

என்னிடமும் ஓர் அட்டவணை இருக்கிறது: பதவி உயர்வுக்கான படிவம். ஆய்விதழில் கட்டுரை வந்தால் புள்ளி, கருத்தரங்கில் பேசினால் புள்ளி. இறுதியாண்டு மாணவி ஒருத்தியின் கல்யாணத்தைத் தேர்வுவரை தள்ளிவைக்கச் சொல்லி, அவள் அப்பாவோடு இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. குழந்தை பெற்ற ஆண்டில் என் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. அந்த ஆண்டு நான் சும்மா இருந்தேன் என்றுதான் அந்தத் தாள் சொல்கிறது.

அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ஏமாத்துற ஜன்னலா இருந்தாலும் ஒண்ணு இருந்தா, நான் செஞ்சதெல்லாம் எங்கேயோ எழுதியிருக்குன்னு தோணுமில்ல?” என்றாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, காலையிலிருந்து அவள் செய்த வேலைகளை வரிசையாக எழுதச் சொன்னேன். எழுதினாள். பக்கம் நிறைந்து அடுத்த பக்கத்துக்குப் போனது. “இதுக்கெல்லாம் எத்தனை புள்ளிம்மா?” என்று கேட்டாள்.

“முதல்ல உங்க வீட்ல எல்லாரும் இதைப் படிக்கட்டும்” என்றேன்.