விரல் யாருடையது?

மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து என்னும் இலக்கிய வடிவங்கள் அரபு, பாரசீக மொழிகளின் வழியே தமிழுக்கு வந்தவை. வந்த நாளில் அவை அயலார் வீட்டுப் பிள்ளைகள். 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் 'ஆயிரம் மசலா'வைத் தந்த பின்னர் அவை நம் வீட்டுப் பிள்ளைகளாயின. ஆகவே, புதிய வடிவம் ஒன்று வாசலில் வந்து நிற்கும்போது கதவைச் சாத்துவது நமக்கு வழக்கமன்று. ஊரும் பேரும் விசாரித்து உள்ளே அழைப்பதே வழக்கம்.

இன்று அவ்வாறு நிற்கும் வடிவம், 'சைபர்பங்க்' என்னும் பெயரால் வழங்கும் கதை வகை. நம் இளைஞர்கள் அதனை நன்கறிவர். 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' திரைப்படம், 1984இல் வில்லியம் கிப்சன் எழுதிய 'நியூரோமான்சர்' புதினம், 1999இன் 'மேட்ரிக்ஸ்', 2020இல் வெளிவந்த 'சைபர்பங்க் 2077' என்னும் கணிப்பொறி விளையாட்டு ஆகியவற்றின் பெயர்களை அவர்கள் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். இவற்றுக்கு என் பரிந்துரை தேவையில்லை. இவற்றின் நிழலில் மறைந்து கிடக்கும் சில படைப்புகளைப் பற்றியே இங்குப் பேச விழைகின்றேன். அவற்றைப் பொறுக்கியெடுக்க நான் கைக்கொண்ட அளவுகோல், இலக்கணப் புத்தகத்திலிருந்து பெற்றதன்று. புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் நியாயவிலைக் கடையில் பெற்றது.

2020க்குப் பின்னர் தமிழகத்து நியாயவிலைக் கடைகளில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை பரவியது. என் பெரியம்மாவை ஒருநாள் கடைக்கு அழைத்துச் சென்றேன். வயலிலும் அடுப்படியிலும் தேய்ந்துபோன விரல்கள் அவருடையவை. கருவி முதல்முறை மறுத்தது. துடைத்து வைத்தார், மறுத்தது. வேறு விரலை வைத்தார், அதையும் மறுத்தது. "அறுபது வருசமா இந்த விரலாலதானே தம்பி சோறாக்குனேன்? இது என் விரல் இல்லேன்னா வேற யாரு விரலு?" என்றார். கடைக்காரர் பிள்ளைப் பருவத்திலிருந்தே அவரை அறிந்தவர். தலைகுனிந்தபடி அவர் சொன்ன விடை இது: "எனக்கு உங்களத் தெரியும் பெரியம்மா, பெட்டிக்குத் தெரியலையே!"

இந்த ஒற்றை வாக்கியத்தில் சைபர்பங்க் இலக்கியத்தின் உயிர் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பேன். மழை நனைத்த மாநகரம், வண்ண விளக்குகள், இரும்புக் கைகள் ஆகியன அதன் ஆடைகள் மட்டுமே. "நீ யார்?" என்று கருவி மனிதனைக் கேட்கும்போது, அதற்குரிய விடை யாருக்குச் சொந்தம் என்பதே அதன் உயிர்நிலையான வினா. கருவி உயர்ந்துகொண்டே போக, அதன் முன்னே நிற்கும் எளியவனின் வாழ்வு ஏன் உயரவில்லை என்பது அதன் துணைவினா. இவ்விரு வினாக்களையும் கேளாத படைப்பு எத்துணைப் பளபளப்பாயினும் வெறும் வாணவேடிக்கையே.

தமிழில் தடம்

இவ்வினாக்கள் தமிழுக்குப் புதியனவல்ல. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வைப் பலரும் படித்திருப்பர், தொலைக்காட்சியிலும் கண்டிருப்பர். அதில் நினைவில் நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். ஆயினும், அக்கதையின் அச்சம் நாயில் இல்லை. பெயருக்கு இரண்டே எழுத்து, பிள்ளை பெற அரசின் அனுமதி, எல்லாவற்றுக்கும் மேலே ஜீவா என்னும் தலைவர் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. அத்தலைவரே ஓர் ஒளியுருதான் என்பது பின்னர் வெளிப்படும்போது, மக்கள் இத்தனை நாளும் யாருக்கு அஞ்சினார்கள் என்ற கேள்வி வாசகனைச் சுடுகிறது.

அதற்கு முன்னரே அவர் எழுதிய 'சொர்க்கத் தீவு' அத்துணைப் புகழ் பெறவில்லை. கணிப்பொறி வல்லுநன் ஒருவன் கடத்தப்பட்டு, கணிப்பொறியின் ஆளுகைக்குட்பட்ட தீவொன்றுக்குக் கொண்டு செல்லப்படுகிறான். பழுதுபட்ட பொறியை அவன் சீர்செய்ய வேண்டும். கதை விறுவிறுப்புக்காக விரைந்து ஓடுகிறது. பாத்திரங்கள் ஆழம் பெறவில்லை என்பது குறையே. ஆயினும், மக்களை அடக்கியாளும் பொறியைப் பழுது பார்ப்பவனுக்கு அந்த அடக்குமுறையில் பங்கு உண்டா என்ற வினா, கணிப்பொறித் தொழிலுக்குப் பிள்ளைகளை வரிசையாக அனுப்பிவைக்கும் இன்றைய தமிழகத்துக்கு அன்றைவிட நெருக்கமானது. இளைஞர்கள் முதலில் இதனைத் தேடிப் படிக்கட்டும்.

திரையில், பி. எஸ். மித்ரன் இயக்கிய 'இரும்புத்திரை' (2018) பாதித் தொலைவு நன்றாகவே நடக்கிறது. பொய்ச் சான்றுகளைக் காட்டிக் கடன் வாங்குகிறான் ஓர் இராணுவ அதிகாரி. அப்பணம் வங்கிக் கணக்கிலிருந்து மாயமாகிறது. தானும் பொய் சொன்னவன் ஆதலால் அவனால் வாய்விட்டு முறையிட முடியவில்லை. இந்த நெருக்கடி உண்மையானது. பிற்பாதியிலோ, ஊர் முழுதும் பரவிய ஒரு நோயை ஒரே வில்லனிடம் கொண்டுபோய்க் குவித்துவிடுகிறார்கள். வில்லன் வீழ்ந்ததும் நோயும் தீர்ந்ததாகப் பொருள்படுகிறது. நம் விவரங்களை விலைபேசும் சந்தைக்கு ஒரு முகம் இல்லை என்பதே அதன் கொடுமை. முகம் கொடுத்த மாத்திரத்தில் அக்கொடுமை எளிதாகிவிடுகிறது.

ஏட்டில் சில

தெற்காசிய எழுத்தாளர் மூவரின் ஆங்கிலப் புதினங்கள் இவ்வினாவை நேருக்குநேர் சந்திக்கின்றன. அமிதவ் கோஷின் 'தி கல்கத்தா குரோமோசோம்', நியூயார்க்கில் அமர்ந்து கணிப்பொறியைக் கண்காணிக்கும் அந்தார் என்னும் எகிப்தியரிடம் தொடங்குகிறது. பொறியின் திரையில் சிதைந்த அடையாள அட்டை ஒன்று தோன்றுகிறது. அது 1995இல் கல்கத்தாவில் காணாமற்போன முருகன் என்பவருடையது. அட்டை கிடைத்துவிட்டது, ஆளைக் காணோம்! 1997இல் ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்ற இப்புதினத்தைச் சைபர்பங்க் அன்பர்கள் தம் பட்டியலில் ஏனோ சேர்ப்பதில்லை.

இலங்கை எழுத்தாளர் யுதஞ்சய விஜேரத்னவின் 'நம்பர்காஸ்ட்' (2017), மனிதனின் மதிப்பையே ஓர் எண்ணாகச் சுருக்கும் நிறுவனத்தைப் பற்றியது. எண்ணும் சாதியும் ஒரே சொல்லாகப் பிணைந்த அத்தலைப்பே ஒரு திறனாய்வு. லாவண்யா லட்சுமிநாராயணின் 'அனலாக்/வர்ச்சுவல்' (2020) வருங்காலப் பெங்களூரைக் காட்டுகிறது. உழைப்பின் பயனை அளந்து மக்களைத் தரம் பிரிக்கிறார்கள். தரத்தில் வீழ்ந்தவர் நகரின் வசதிகளுக்கு வெளியே தள்ளப்படுகிறார். பிறப்பால் வகுத்த ஏணியைப் 'திறமை' என்ற பெயரில் மீண்டும் நாட்டுகிறார்களோ என்ற ஐயம் படிக்கும்போதே எழுகிறது.

இவ்விதழின் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்கத்தக்க புதினங்கள் இரண்டு உண்டு. முதலாவது, ஜார்ஜ் அலெக் எஃபிஞ்சரின் 'வென் கிராவிட்டி ஃபெயில்ஸ்'. 1980களின் பிற்பகுதியில் வெளிவந்தது. மேற்குலகம் சிதறுண்ட எதிர்காலத்தில், அரபு நகரம் ஒன்றின் 'புதாயீன்' என்னும் பகுதியில் கதை நிகழ்கிறது. மூளையில் சில்லு ஒன்றைச் செருகி வேறொருவரின் குணத்தையே அணிந்துகொள்ளலாம். அதற்கு இணங்காமல் இறுமாந்து திரியும் மரீத் அவ்தரான் என்பவனும் இறுதியில் பணிய நேர்கிறது. தொழுகை அழைப்பும், பேரம் பேசும் மரியாதைகளும், விருந்தோம்பலும் அந்த எதிர்காலத்திலும் தொடர்வதாகக் காட்டியது அந்நாளில் அரிய செயல். ஆயினும், ஆசிரியர் அப்பகுதியைத் தாம் வாழ்ந்த நியூ ஆர்லியன்சின் பழைய குடியிருப்பைப் பார்த்தே வரைந்தார். அரபுத் தலைப்பாகையை அகற்றினால் உள்ளே அமெரிக்கத் தெருவே தெரிகிறது. நம் முகத்தைப் பிறர் வரைந்தால் எங்கெங்கே கோணும் என்பதை அறிவதற்கும் இது பயன்படும். கொலையும் கேளிக்கையும் மலிந்த நூலாதலால், இளஞ்சிறார் கையில் கொடுக்கத் தகாது.

இரண்டாவது, ஜி. வில்லோ வில்சனின் 'அலிஃப் தி அன்சீன்' (2012). பெயர் சொல்லப்படாத வளைகுடா நாடொன்றில் அரபுத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவன் கதைத் தலைவன். அந்த மண்ணிலேயே வளர்ந்தும் அந்த மண்ணின் முழுப் பிள்ளையாக ஏற்கப்படாதவன். அறந்தாங்கியிலும் கோட்டைப்பட்டினத்திலும் வளைகுடாக் கடிதங்களுக்காகக் காத்திருந்த வீடுகளுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை. தன்னை விலக்கிய காதலியின் கண்ணில் இனிப் படாதிருக்க அவன் ஒரு நிரல் எழுதுகிறான். எந்தப் பொறியில் அமர்ந்தாலும், தட்டச்சும் பாங்கைக் கொண்டே அது அவளை இனங்கண்டுவிடும். மறைவதற்காகச் செய்த அந்தக் கருவி அரசின் காவல் தலைவன் கையில் சிக்கியதும், மறைந்திருப்போரைப் பிடிக்கும் வலையாகிவிடுகிறது. பிற்பகுதியில் ஜின்கள் புகுந்து, நிரலின் நுட்பம் மாயமாகக் கரைந்துபோவது குறை. அடுத்த வீட்டுப் பெண் தீனாவோ இக்குறைக்கு ஈடு செய்கிறாள். முகத்திரை அணிந்த அவளே கதையில் மிகத் தெளிவாகக் காண்பவள். மறைவு என்பது அவளுக்கு அச்சமன்று. அவளே தேர்ந்துகொண்ட உரிமை.

திரையும் விளையாட்டும்

திரைப்படங்களில் ஒன்றை மட்டும் சொல்வதாயின், அலெக்ஸ் ரிவேரா இயக்கிய 'ஸ்லீப் டீலர்' (2008) என்பேன். குறைந்த செலவில் எடுத்த படம் என்பது காட்சிகளில் தெரியும், பொருட்படுத்த வேண்டாம். மெக்சிகோ நாட்டுச் சிற்றூரில், அணையின் நீரை நிறுவனம் ஒன்று காவல் வைத்து விலைக்கு விற்கிறது. தந்தையை இழந்த இளைஞன் எல்லை நகருக்கு வருகிறான். அமெரிக்காவுக்குள் அவனுக்கு அனுமதியில்லை. ஆனால், உடலில் பொருத்திய முனைகளின் வழியே, எல்லைக்கு அப்பாலுள்ள இயந்திர மனிதனை இங்கிருந்தே இயக்கி அங்கே கட்டடம் கட்டுகிறான். உழைப்பு மட்டும் எல்லை கடக்கிறது; உழைப்பவன் கடப்பதில்லை. வறண்ட கண்மாய்களையும் கடல் கடந்து சென்ற ஆண்களையும் கண்ட புதுக்கோட்டைச் சீமைக்கு இப்படம் அயல்நாட்டுக் கதையன்று. நம்மவர் உடலோடு சென்று உழைத்தனர். உடலே வேண்டாம் என்று சொல்லும் காலம் வந்தால் அவருக்கு எஞ்சுவது யாது?

கணிப்பொறி விளையாட்டுகளை இலக்கியத்தோடு வைத்துப் பேசலாமா என்று முதியோர் வினவக்கூடும். சுடுவதும் ஓடுவதும் மட்டுமே விளையாட்டாயின் பேச வேண்டியதில்லை. 'நியோ கேப்' (2019) அவ்வாறானதன்று. தாமே ஓடும் ஊர்திகள் நிறைந்த நகரில் கடைசி மனித ஓட்டுநர்களுள் ஒருத்தியாக நாம் வண்டி ஓட்டுகிறோம். ஏறுவோர் மனம் கோணாமல் பேச வேண்டும். அவர்கள் இடும் மதிப்பெண் குறைந்தால் பிழைப்புப் போய்விடும். மணிக்கட்டில் அணிந்த பட்டையோ நம் உள்ளத்து உணர்ச்சியை நிறமாக வெளியே காட்டிக்கொண்டேயிருக்கிறது. 'சிட்டிசன் ஸ்லீப்பர்' (2022) இன்னும் ஆழமானது. மனித மனத்தின் படியெடுப்பு ஒன்று, நிறுவனத்துக்குச் சொந்தமான இயந்திர உடலில் அடைபட்டு, அங்கிருந்து தப்பி ஓடுகிறது. அவ்வுடல் நாளும் நலிகிறது. அதனைக் காக்கும் மருந்தும் அந்நிறுவனத்தின் கையிலேயே. உடலின் நலத்திற்கேற்பவே நாள்தோறும் பகடைகள் கிடைக்கும். நலிந்தவனுக்கு வாய்ப்பும் குறைவு என்னும் உலகியல் உண்மையை, இங்கே விளையாட்டின் விதியே உரைக்கிறது. அறிவுரை கூறாமல் அனுபவிக்கச் செய்யும் இத்திறம் கலைக்குரியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கருவியைப் பழிப்பதன்று இவற்றின் நோக்கம். என் நோக்கமும் அன்று. கருவி மனிதனுக்கு அடங்கி நடந்த நாளும் இம்மாவட்டத்துக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கக் காலத்தில், புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகளும், வாசல் தாண்டத் தயங்கிய முஸ்லிம் இளம்பெண்களும் அவர்களுள் இருந்தனர். 1992ஆம் ஆண்டு மகளிர் நாளை ஒட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு நகர்வலம் வந்தபோது ஊரே வியந்து நின்றது. அந்தச் சைக்கிள் எந்தப் பெண்ணையும் "நீ யார்?" என்று கேட்கவில்லை. ஏறி மிதித்தவளுக்கு அது சொந்தம். அவள் திருப்பிய திசையில் அது சென்றது.

சைக்கிளுக்கும் கைரேகைப் பெட்டிக்கும் இடையே கழிந்தவை முப்பது ஆண்டுகளே. முன்னதில் மனிதர் கருவியைக் கற்றனர். பின்னதில் கருவி மனிதரைச் சோதிக்கிறது. இந்த முப்பதாண்டுப் பயணத்தை எழுதும் எழுத்தாளன் டோக்கியோவையும் லாஸ் ஏஞ்சல்சையும் தேடிப் போக வேண்டியதில்லை. மேலே கூறிய நூல்களையும் படங்களையும் விளையாட்டுகளையும் நம் இளைஞர்கள் துய்க்கட்டும். குறைகளைக் கண்டு வாதிடட்டும். அதன்பின் ஒருநாள் காலையில் தம் ஊர் நியாயவிலைக் கடைக்குச் சென்று, வரிசையின் ஓரத்தில் சற்று நேரம் நிற்கட்டும். தமிழில் இன்னும் எழுத வேண்டிய சைபர்பங்க் புதினம் அங்கே, தேய்ந்த விரலோடு, தன் முறைக்காகக் காத்து நிற்கிறது.