செல்லின் பாகுநிலை: எந்த இடத்தில்?

விளக்கெண்ணெய் நிரப்பிய நீண்ட சாடியில் சிறு எஃகுக் குண்டுகளைப் போட்டு, அவை விழும் நேரத்தைக் கணித்துப் பாகுநிலை காண்பது நம் கல்லூரி மாணவர்களுக்குப் பழகிய சோதனை. உயிருள்ள செல்லுக்குள் குண்டு போட முடியுமா? முடியாது. எனவே அங்கே ஒரு சாய மூலக்கூறையே குண்டாகப் பயன்படுத்துகிறார்கள். அருமையான உத்திதான். அது தரும் எண்ணை நாம் படிக்கும் விதத்தில்தான் குறை இருக்கிறது.

இச்சாயங்களை மூலக்கூறுச் சுழலிகள் என்பர். ஒளியை உட்கவர்ந்து கிளர்ச்சியுற்றதும் மூலக்கூறின் ஒரு பகுதி திருகிக்கொள்ளும். நீர் போன்ற இளகிய திரவத்தில் தடையின்றித் திருகி, பெற்ற ஆற்றலை வெப்பமாக இழந்துவிடும். கிளிசரினிலோ எளிதில் திருக முடியாது. ஆற்றல் ஒளியாக வெளிவரும். ஒளிர்திறன் பாகுநிலையின் 2/3 அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ஃபோர்ஸ்டரும் ஹாஃப்மனும் 1971-இல் காட்டினர். அதாவது பாகுநிலை 8 மடங்கானால் ஒளிர்வு 4 மடங்காகும்.

ஆனால் செல்லின் ஒரு பகுதி பிரகாசமாகத் தெரிந்தால், அங்கே பாகு மிகுதியா, சாயம் மிகுதியா? இந்தக் குழப்பத்தை நீக்க, பிரகாசத்தை விட்டுவிட்டு ஒளிர்வு நீடிக்கும் நேரத்தை அளக்கிறார்கள். அது சில நானோ வினாடியே. சாயத்தின் அளவைப் பொறுத்ததன்று. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2008-இல் இவ்வாறு அளந்து, உயிருள்ள புற்றுநோய்ச் செல்களில் ஏறத்தாழ 140 சென்டிபாய்ஸ் என்று கண்டனர். 20 டிகிரி செல்சியசில் நீருக்கு இது 1. விளக்கெண்ணெய்க்குச் சுமார் 1000.

"செல்லின் உட்பகுதி நீரைவிட 140 மடங்கு பாகானது" என்று இதைச் சுருக்கிச் சொன்னால் தவறாகிவிடும். செல்திரவத்தில் பச்சை ஒளிர்புரதம் நீரில் பரவுவதைவிடச் சுமார் 3 மடங்கு மட்டுமே மெதுவாகப் பரவுகிறது என்று 1997-இலேயே அளந்திருக்கிறார்கள். இரண்டு அளவும் எப்படிச் சரியாகும்? அந்தச் சாயத்துக்கு 12 கார்பன் கொண்ட நீண்ட வால் உண்டு. அது நீரை வெறுத்துக் கொழுப்புப் பகுதிகளில் போய்த் தங்கும். அங்குள்ள நிலையைத்தான் அது சொல்கிறது!

இன்னொன்று. ஸ்டோக்ஸ் விதி, திரவ மூலக்கூறுகளைவிடக் குண்டு மிகப் பெரியது என்று கொள்கிறது. சாடி குறுகலாக இருந்தாலே மாணவரைத் திருத்தம் செய்யச் சொல்கிறோம். இங்கோ குண்டும் திரவ மூலக்கூறும் ஏறக்குறைய ஒரே பருமன். மெத்தனால்–கிளிசரின் கலவையில் வரைந்த அளவுக்கோட்டைச் செல்லுக்கு அப்படியே பொருத்துவது ஒரு துணிச்சல்தான். தயோஃப்ளேவின்-டி என்ற சாயம் அமைலாய்டு புரத இழைகளில் ஒட்டிக்கொண்டதும் பளிச்சென ஒளிர்கிறது. அங்கே அதன் திருகலைத் தடுப்பது திரவமன்று, இழையின் பிடி.

இத்தகைய எண்ணைப் படிக்கும் மாணவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எந்தச் சாயம், செல்லில் எங்கே தங்கியது, எந்த வெப்பநிலை? ஒரே செல்லில், ஒரே சாயத்தைக் கொண்டு, மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் முடிவை நான் நம்பத் தயார்; அப்போதும் சாயம் இடம் மாறவில்லை என்று காட்டியாக வேண்டும்.